300 கிலோமீட்டர் மிதிக்க எந்தத் தாது உப்பு வேண்டும்?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, எனக்கு 43 வயது, எடை 72 கிலோ. சென்னையில் வங்கி வேலை. பிரெவே எனப்படும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் 200 கிலோமீட்டரை இரண்டு முறை நேரத்துக்குள் முடித்திருக்கிறேன். மார்ச் மாதம் முதன்முறையாக 300 முயன்றேன். ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரி போய், திண்டிவனத்தை நெருங்கும்போது, சுமார் 190-ஆவது கிலோமீட்டரில், இரண்டு தொடைகளும் பிடித்துக்கொண்டு சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். சாலையோரச் சாப்பாட்டுக் கடை அம்மா ஒருவர் எலுமிச்சை ஊறுகாயைக் கையில் வைத்து நக்கச் சொன்னார். ஒரு நிமிடத்தில் பிடிப்பு விட்டது. தாது உப்புக் குறைவுதான் காரணம் என்று தெரிந்துகொண்டு, மெக்னீசியம், ஜிங்க் காப்ஸ்யூல், இரும்புச்சத்து, கால்சியம் நான்கையும் தினமும் எடுத்துவருகிறேன். சாலையில் மணிக்கு ஒன்றாக உப்பு காப்ஸ்யூலும் உண்டு. பொட்டாசியம் மாத்திரையும் சோடா உப்பும் சேர்த்தால் இன்னும் தாக்குப்பிடிக்கலாம் என்கிறார்கள் உடன் ஓட்டும் நண்பர்கள். சேர்க்கலாமா? என் மனைவியும் ஓட்டுகிறார், 38 வயது. ஏலகிரி ஏற்றத்தில் முன்பைவிட மூச்சு வாங்குகிறது என்கிறார். இதே மாத்திரைகளை அவரும் சாப்பிடலாமா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் இரண்டு பக்கம். மேலே வெளியாகியிருப்பது அதன் முதல் பக்கத்தின் சுருக்கம். எனக்குக் கவலை தந்தது இரண்டாம் பக்கம். அதில் மூன்று செய்திகளைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஜனவரியில் 200 முடித்த அன்று மோதிரம் விரலில் இறுகிக் கழற்ற முடியாமல் போனது, தலைவலி இருந்தது, வீட்டுக்கு வந்து எடை பார்த்தபோது காலையில் இருந்ததைவிட 1 கிலோ கூடியிருந்தது என்பது ஒன்று. ரத்த அழுத்தத்துக்காக டெல்மிசார்ட்டானும் சிறுநீர்ப்பெருக்கியும் கலந்த மாத்திரையை இரண்டு ஆண்டுகளாகச் சாப்பிடுகிறீர்கள் என்பது இன்னொன்று. மார்ச் மாதம் புதுச்சேரியில் முட்டி வலிக்கு ஒரு டைக்ளோஃபினாக் போட்டுக்கொண்டீர்கள் என்பது மூன்றாவது. எந்தத் தாது உப்பைச் சேர்க்கலாம் என்ற உங்கள் கேள்விக்கு இந்த மூன்றையும் பார்க்காமல் பதில் சொல்வது தவறாகிவிடும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பத்து, பன்னிரண்டு மணி நேரம் சைக்கிள் மிதித்தவருடைய எடை குறைய வேண்டும். வியர்வையால் மட்டும் குறைவதில்லை. தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருந்த மாவுச்சத்தும் உடலிலிருந்த கொழுப்பும் எரிந்துபோகின்றன. தண்ணீரை முழுக்க ஈடுகட்டியிருந்தாலும் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை இறங்கியிருக்க வேண்டும். உங்களுக்கு ஒரு கிலோ ஏறியிருக்கிறது. அப்படியென்றால் உடல் வெளியேற்றியதைவிட ஒன்றரை லிட்டருக்கும் மேல் கூடுதலாகக் குடித்திருக்கிறீர்கள். 'தாகம் எடுக்கும் முன்பே மணிக்கு ஒரு லிட்டர் குடித்துவிட வேண்டும்' என்று பயிற்சி தந்தவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அறிவுரையை இன்றோடு கைவிடுங்கள்.

ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். கடும் உழைப்பின்போது நீரைத் தேக்கிவைக்கச் சொல்லும் ஹார்மோன் சுரப்பதால் சிறுநீர் குறைகிறது. அந்த நேரத்தில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தால் அது ரத்தத்திலேயே தங்கி, சோடியத்தை நீர்க்கச் செய்துவிடுகிறது. விரல் வீங்குவது, தலைவலி, குமட்டல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். இன்னும் இறங்கினால் மூளை வீங்கி, குழப்பமும் வலிப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைப் பந்தய முடிவில் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் 135 அல்லது அதற்கும் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியிருந்தவர்களிடம்தான் இது பெரிதும் காணப்பட்டது. நீங்கள் சாப்பிடும் சிறுநீர்ப்பெருக்கி தயசைடு வகையைச் சேர்ந்தது. அதுவே சோடியத்தைக் குறைக்கும் தன்மையுள்ளது. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை, நீரைத் தேக்கும் ஹார்மோனின் வேலையை இன்னும் கூட்டுகிறது. ஜனவரியில் உங்களுக்கு நேர்ந்தது தலைவலியோடு முடிந்ததற்காக நான் உண்மையாகவே ஆறுதலடைகிறேன்.

'அதற்குத்தானே உப்பு காப்ஸ்யூல்' என்று நீங்கள் கேட்கலாம். தேவைக்கு மிஞ்சிக் குடிப்பவரை உப்பு காப்ஸ்யூல் காப்பாற்றாது, ஏனென்றால் சோடியம் இறங்குவதற்கு முதல் காரணம் உப்பு போனதல்ல, நீர் மிகுந்ததே. போதாததற்கு, உப்பு தாகத்தைக் கூட்டி மேலும் குடிக்கவும் வைக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஓர் அயர்ன்மேன் போட்டியில் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த நெடுந்தூரப் போட்டி) ஒரு சாராருக்கு உப்பு மாத்திரையும் மற்றவர்களுக்கு உப்பில்லாத போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்த சோடியத்திலும் முடித்த நேரத்திலும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், ஸ்பெயினில் அரை அயர்ன்மேன் வீரர்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில் உப்பு காப்ஸ்யூல் எடுத்தவர்கள் விரைவாக முடித்தார்கள். ஆகவே உப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவரவர் வியர்வைக்கு ஏற்ற அளவு வேண்டும் என்கிறேன். அந்த அளவைக் கண்டுபிடிக்க வீட்டிலுள்ள எடைக்கருவியே போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் வழக்கமாக ஓட்டும் நேரத்தில், வழக்கமான வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். புறப்படும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, உடையில்லாமல் எடை பாருங்கள். திரும்பி வந்ததும் உடலைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். முன்பு 72.4, பின்பு 71.7, இடையில் அரை லிட்டர் குடித்தீர்கள் என்றால், அந்த ஒரு மணி நேரத்தில் வியர்த்தது 1.2 லிட்டர். காலை ஆறு மணிக்கு ஒரு முறை, பதினொரு மணிக்கு ஒரு முறை செய்து பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே வியப்பாக இருக்கும். 'மணிக்கு ஒரு லிட்டர்' என்ற ஒரே அளவு எவ்வளவு பொருந்தாதது என்பதும் அப்போது விளங்கும். ஈ.சி.ஆரில் விடியற்காலைக் கடற்காற்றில் மணிக்கு அரை லிட்டர் குடிப்பதுகூடத் தேவைக்கு மிஞ்சியதாக இருக்கலாம். திண்டிவனம் நெடுஞ்சாலையில் மதியம் இரண்டு மணிக்கு ஒரு லிட்டர் போதாமலும் போகலாம். தாகத்தையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் எடை ஒன்று அல்லது இரண்டு சதவீதம் குறைந்திருந்தால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வியர்வையில் உப்பு எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். லிட்டருக்கு அரை கிராம் சோடியம் இழப்பவரும் உண்டு. ஒன்றரை கிராமுக்கு மேல் இழப்பவரும் உண்டு. கறுப்பு ஜெர்சி காய்ந்தபின் முதுகில் வெள்ளைக் கோடுகள் படிகின்றனவா, ஹெல்மெட் வாரில் உப்புப் பூக்கிறதா, வியர்வை கண்ணில் இறங்கினால் கடுமையாக எரிகிறதா என்று கவனியுங்கள். ஆம் என்றால் நீங்கள் உப்பு மிகுதியாக இழப்பவர். அப்படிப்பட்டவருக்கும் இழந்த அனைத்தையும் சாலையிலேயே ஈடுகட்ட வேண்டிய அவசியமில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பு கரைத்தால் ஏறத்தாழ 500 மில்லிகிராம் சோடியம் கிடைக்கிறது. எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்துக்கொண்டால் விலையுயர்ந்த காப்ஸ்யூல் செய்வதையெல்லாம் அது செய்துவிடும். பிரெவே ஓட்டுபவருக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது: நிறுத்தி உட்கார்ந்து சாப்பிட நேரம் உண்டு. 300-க்கு 20 மணி நேரம் தருகிறார்கள். இட்லி, சாம்பார், சட்னி, உப்புப் போட்ட நீர்மோர் என்று ஒரு வேளை சாப்பிட்டாலே பல காப்ஸ்யூல்களின் சோடியம் உள்ளே போய்விடுகிறது. இளநீரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பகுதி சோடியம். ஒரு சிட்டிகை உப்போடு குடித்தால் நல்லது; ஆனால் அடுத்த பத்தியைப் படித்தபின் எத்தனை இளநீர் என்று முடிவு செய்யுங்கள்.

பொட்டாசியம் மாத்திரையைத் தொடவே வேண்டாம். டெல்மிசார்ட்டான், சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கும் மருந்து. அதன் மேல் பொட்டாசியத்தை மாத்திரையாகக் கொட்டினால் ரத்தத்தில் அளவு ஏறி இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடக்கூடும். நண்பர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார்கள். உங்கள் மாத்திரைச் சீட்டு அவர்களுக்குத் தெரியாது. வலி மாத்திரைக்கும் இதே எச்சரிக்கைதான், இன்னும் அழுத்தமாக. டெல்மிசார்ட்டான் வகை மருந்து, சிறுநீர்ப்பெருக்கி, டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரை ஆகிய மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தத்தின் அழுத்தம் மூன்று வழிகளிலும் குறைகிறது. வெயிலில் நீரிழந்த உடலில் அந்த மூன்றும் கூடுவது, திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்புக்கு மருத்துவர்கள் நன்கறிந்த காரணம். முட்டி வலித்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். சைக்கிள் இருக்கையின் உயரத்தைச் சரிபாருங்கள். மாத்திரையால் மறைத்துவிட்டு மிதிக்காதீர்கள். நெடுந்தூர நாட்களில் ரத்த அழுத்த மாத்திரையை எப்படி எடுப்பது என்பதை அதை எழுதித் தந்த மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இனி ஊறுகாய்க்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் எண்ணம் முழுவதும் அந்த ஒரு நிமிடத்தின் மேல்தான் எழும்பியிருக்கிறது. அந்த அம்மா செய்தது சரியான முதலுதவி. ஆனால் அது நிரூபித்தது நீங்கள் நினைத்ததை அல்ல. நாக்கில் வைத்த ஊறுகாயின் உப்பு, வயிற்றைக் கடந்து சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் கலந்து, தொடைத் தசைக்குப் போய்ச் சேர ஒரு நிமிடம் போதாது. ஊறுகாய்ச் சாற்றை வைத்து அமெரிக்காவில் சோதனை செய்திருக்கிறார்கள். பிடிப்பு விரைவாக விட்டது. ரத்தத்தில் உப்பின் அளவோ அந்த நேரத்துக்குள் மாறவே இல்லை. கடும் புளிப்பும் காரமும் வாயிலும் தொண்டையிலும் உள்ள நரம்புகளைத் தாக்க, அங்கிருந்து எழும் அனிச்சைச் செயல், தசைக்கு இடைவிடாமல் போய்க்கொண்டிருந்த கட்டளையைத் தணிக்கிறது என்பதே இன்றைய விளக்கம்.

வெயிலில் உழைப்பவர்களின் தசைப்பிடிப்புக்கு உப்பிழப்பே காரணம் என்ற கருத்து நூறாண்டுப் பழமையானது. சுரங்கத் தொழிலாளர்களையும் கப்பலில் நிலக்கரி அள்ளிப் போட்டவர்களையும் பார்த்து உருவானது அது; உடல் முழுவதும் ஆங்காங்கே பிடித்துக்கொள்ளும் அவ்வகைப் பிடிப்புக்கு இன்றும் அது பொருந்தும். அயர்ன்மேன் வீரர்களில் பிடிப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் இரு சாராரின் ரத்தத்திலும் சோடியம், மெக்னீசியம் அளவுகளில் பொருட்படுத்தும்படியான வேறுபாடு தெரியவில்லை. வேறுபட்டது வேகம். பழகிய வேகத்தைவிட விரைவாகத் தொடங்கியவர்களுக்கும் முன்பே பிடிப்பு வந்த பழக்கமுள்ளவர்களுக்கும்தான் வந்தது. மிதிக்கும் அதே தசை, இரு பக்கமும், களைத்த நேரத்தில் பிடித்துக்கொள்வது களைப்பின் பிடிப்பு. தசையைச் சுருங்கச் சொல்லும் நரம்புச் சைகை ஓங்கி, தளரச் சொல்லும் சைகை அடங்கிவிடுகிறது. அதனால்தான் மெதுவாக நீட்டிப் பிடித்தால் அது விட்டுவிடுகிறது.

உங்கள் கடிதத்தை இந்தக் கண்ணோடு மறுபடி படித்தேன். அந்த ஆண்டில் நீங்கள் தனியாக ஓட்டிய மிக நீண்ட பயிற்சி 120 கிலோமீட்டர். வழக்கமான வேகம் மணிக்கு 22, 23. மார்ச் மாதமோ, வேகமான குழு ஒன்றோடு ஒட்டிக்கொண்டு புதுச்சேரி வரை 28-இல் போயிருக்கிறீர்கள். பிறகு மதிய வெயிலில், எதிர்க்காற்றில், தனியாக, பெரிய கியரில். தொடை எப்படித் தாங்கும்? அடுத்ததாக, ஒன்பது மணி நேரத்தில் நீங்கள் சாப்பிட்டது நான்கு வாழைப்பழமும் இரண்டு சிறிய பிஸ்கட் பொட்டலமும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வாழைப்பழத்தில் 25 கிராம் மாவுச்சத்து என்று வைத்தால் நான்கில் 100. பிஸ்கட்டில் ஏறத்தாழ 100. மொத்தம் 200 கிராம், அதாவது மணிக்கு 22 கிராம். இவ்வளவு நீண்ட ஓட்டத்துக்கு மணிக்கு 60 கிராமாவது வேண்டும். பழகியவர்கள் 90 வரை எடுக்கிறார்கள். உடலின் சொந்தச் சேமிப்பு 400, 500 கிராம்தான். ஆக, திண்டிவனத்தை நெருங்கும்போது உங்களிடம் உண்மையிலேயே குறைந்திருந்த சத்து மாவுச்சத்து. மாத்திரைக்கு மாதந்தோறும் நீங்கள் செலவழிக்கும் பணத்தில் பாதியைச் சாலையில் சாப்பாட்டுக்குச் செலவிட்டிருந்தால் 300-ஐ முடித்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் ஏதாவது ஒன்று வாயில் போக வேண்டும்: கடலைமிட்டாய், பேரீச்சை, ஜாம் தடவிய ரொட்டி, உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு. சட்டையின் பின்பையில் கை போகும் பழக்கத்தை 60 கிலோமீட்டர்ப் பயிற்சியிலேயே தொடங்குங்கள், ஏனென்றால் மிதித்துக்கொண்டே செரிப்பதற்குக் குடலுக்கும் பயிற்சி தேவை.

ஓ.ஆர்.எஸ். பற்றி ஒரு சொல். உலகச் சுகாதார நிறுவனத்தின் முறைப்படி ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் உள்ள கரைசல் அது, வயிற்றுப்போக்குக்காக உருவாக்கப்பட்டது. மிகவும் வியர்த்த நாளில் ஒரு பொட்டலம் கரைத்துக் குடிப்பதில் தவறில்லை, ஆனால் அதில் உணவாகக் கிடைப்பது சொற்பம்.

இப்போது உங்கள் மேசை மேல் இருக்கும் நான்கு டப்பாக்கள். நான்கையும் காலை காபியோடு ஒரே கையில் போட்டு விழுங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். கால்சியமும் ஜிங்கும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. காபி அதை இன்னும் குறைக்கிறது. அந்த இரும்பில் பெரும்பகுதி உடலில் சேராமலே வெளியேறியிருக்கும்.

மெக்னீசியம் முதலில். தசை சுருங்குவதிலும் தளர்வதிலும் அதற்குப் பங்குண்டு என்பது உண்மை; அந்த உண்மையை நீட்டித்தான் 'பிடிப்புக்கு மெக்னீசியம்' என்று விற்கிறார்கள். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பின் தொகுப்பாய்வு 2012-இலும் 2020-இலும் இதை ஆராய்ந்தது. முதியவர்களின் இரவுநேரப் பிடிப்புக்கே மெக்னீசியம் பொருட்படுத்தும்படியான பயன் தர வாய்ப்பில்லை என்று முடிவு சொன்னது. உடற்பயிற்சியால் வரும் பிடிப்புக்கு நம்பத்தக்க சோதனையே இல்லை. வியர்வையில் அது போவதும் மிகச் சிறிதளவு. ஆனாலும் உங்கள் விஷயத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. தயசைடு சிறுநீர்ப்பெருக்கி மெக்னீசியத்தைச் சிறுநீரோடு இழக்கச் செய்யக்கூடியது. ஆகவே ரத்தத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். உடலிலுள்ள மெக்னீசியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானதே ரத்தத்தில் இருப்பதால் 'சரியாக இருக்கிறது' என்ற முடிவு முழு உறுதி தராது. 'குறைவு' என்று வந்தால் அது பொருளுள்ளது, அப்போது மாத்திரை தேவைதான். குறைவு இல்லையென்றால் கீரை, வேர்க்கடலை, பாதாம், கம்பு, பருப்பு போதும். அளவு மிஞ்சினால் பேதியாகும். 300 கிலோமீட்டர் நாளுக்கு முந்திய இரவில் அது எவ்வளவு வேண்டாதது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஜிங்க் காப்ஸ்யூலை நிறுத்திவிடுங்கள். ஆண் ஹார்மோனைக் கூட்டும், தசையை வளர்க்கும் என்ற விளம்பரம், போதிய ஜிங்க் உள்ளவர்களிடம் செய்த சோதனைகளில் நிற்கவில்லை. உங்கள் காப்ஸ்யூலில் 30 மில்லிகிராம் இருக்கிறது, ஆணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரைக்கும் நாளளவு 17, அது உணவிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும். ஜிங்க் மாதக்கணக்கில் மிஞ்சினால் செம்புச்சத்து உறிஞ்சப்படாமல் போய், ரத்தசோகையும் கால்களில் மரமரப்பும் வரக்கூடும். திறனைக் கூட்ட எடுத்த மாத்திரை ரத்தசோகையைத் தருவது மிகவும் வருத்தமான முடிவு.

சோடா உப்பு வேறு வகை. 2018-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு வெளியிட்ட ஒருமித்த அறிக்கை, விளையாட்டுத் திறனை நேரடியாகக் கூட்டுவதற்கு நல்ல சான்று உள்ளவை என்று கஃபீன், கிரியேட்டின், நைட்ரேட், பீட்டா அலனின், சோடியம் பைகார்பனேட் (அதாவது சோடா உப்பு) ஆகிய ஐந்தைத்தான் குறிப்பிட்டது. இந்தப் பட்டியலில் மெக்னீசியமும் இல்லை, ஜிங்கும் இல்லை. சமையலறைச் சோடா உப்பு இருக்கிறது! உச்ச வேகத்தில் சில நிமிடங்கள் மிதிக்கும்போது தசையில் சேரும் அமிலத்தன்மையை ரத்தம் விரைவாக ஏற்றுக்கொள்ள அது உதவுகிறது. தொழில்முறைப் பந்தயத்தின் கடைசி ஏற்றத்தில் அதற்கு இடமுண்டு. 20 மணி நேரத்தில் 300 கிலோமீட்டர் போகும் பிரெவேயில் அந்தச் சூழல் எழுவதே இல்லை. அளவையும் பாருங்கள்: கிலோவுக்கு 0.3 கிராம் என்ற கணக்கில் உங்கள் எடைக்கு 21 கிராமுக்கு மேல், அதில் சோடியம் மட்டும் ஏறக்குறைய 6 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2 கிராமுக்குள் சோடியத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ரத்த அழுத்தம் உள்ள ஒருவர் மூன்று நாள் அளவை ஒரே மூச்சில் விழுங்குவதற்கு நான் எந்நாளும் சம்மதிக்க மாட்டேன். வயிற்றுப் பொருமலும் வாந்தியும் வேறு.

கால்சியம் பற்றிச் சுருக்கமாக. அது உங்களை வேகமாக்காது. ஆனால் சைக்கிள் மட்டுமே ஓட்டுபவர்களுக்கு, உடல் எடை எலும்பின் மேல் விழாததால், முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கூழோ தோசையோ, கூடவே தயிர், எள்ளுருண்டை என்று வைத்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாள் எடைப் பயிற்சி செய்யுங்கள். டப்பா தேவைப்படாது.

நான்காவது டப்பா இரும்பு. உண்மையிலேயே குறைந்திருப்பவருக்குக் கொடுத்தால் தாக்குப்பிடிக்கும் திறன் கண்கூடாகக் கூடும் தாது இதுதான், ஏனென்றால் பிராணவாயுவைச் சுமப்பது ஹீமோகுளோபின், அதைக் கட்டுவது இரும்பு. ஆனால் உங்கள் வீட்டில் அது தேவைப்படுவது பெரும்பாலும் உங்களுக்கு அல்ல, உங்கள் மனைவிக்கு. நான்கு டப்பாக்களையும் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்குபவர் அவர் என்பதை நீங்களே எழுதியும் கவனிக்கத் தவறிவிட்டீர்கள். மாதவிலக்குக் காலத்துப் பெண்ணுக்கு ஐ.சி.எம்.ஆர். கணக்கில் நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும், ஆணுக்கு 19. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. அவர் சைவ உணவுக்காரர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பு, இறைச்சியிலுள்ளதைப் போல எளிதில் உறிஞ்சப்படுவதில்லை.

அவருக்கு இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்: ஹீமோகுளோபின், ஃபெர்ரிட்டின், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., கூடவே பி12, தைராய்டு. ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருக்கிறது என்று ஆய்வகம் சொன்னதும் நிறுத்திவிடாதீர்கள். சேமிப்பு இரும்பைக் காட்டுவது ஃபெர்ரிட்டின். ரத்தசோகை வருவதற்கு முன்பே அது காலியாகியிருக்கும். ஏற்றத்தில் மூச்சு வாங்குவதும் அப்போதே தொடங்கிவிடலாம். ஃபெர்ரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் விளையாட்டில் ஈடுபடுபவருக்கு அதைக் குறைவு என்றே கொள்கிறோம். பரிசோதனைக்கு முந்திய நாள் கடுமையாக ஓட்ட வேண்டாம். காய்ச்சல், சளி இருந்தாலும் தள்ளிப்போடுங்கள், ஏனென்றால் அழற்சி இருக்கும்போது ஃபெர்ரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். குறைவு உறுதியானால், மருத்துவர் எழுதும் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பது பற்றி அவரிடம் கேட்கச் சொல்லுங்கள்; தினமும் எடுப்பதைவிட அவ்வாறு எடுக்கும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்று ஸ்விட்சர்லாந்து ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரும்பை உள்ளே விடாமல் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன், உடற்பயிற்சி முடிந்த மூன்றிலிருந்து ஆறு மணி நேரத்தில் உயர்ந்திருக்கும். ஆகவே காலையில் ஓட்டத்துக்கு முன்போ, முடித்த அரை மணிக்குள்ளோ, ஒரு நெல்லிக்காயோடு அல்லது எலுமிச்சைச் சாறோடு எடுக்கலாம். காபியும் தேநீரும் ஒரு மணி நேரம் கழித்து. மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் அதற்கான காரணத்தையும் தேட வேண்டும். மாத்திரை மட்டும் கொடுத்து விட்டுவிடக் கூடாது.

நீங்கள் உங்கள் ஃபெர்ரிட்டினைப் பார்க்கும் வரை இரும்பை நிறுத்துங்கள். தேவையில்லாதவருடைய உடலில் சேர்ந்த இரும்பை வெளியேற்ற இயற்கையான வழி ஏறத்தாழ இல்லை. 1990-களில் ஐரோப்பியத் தொழில்முறை சைக்கிள் வீரர்களுக்கு இரும்பு ஊசிகளைத் தாராளமாகப் போட்டார்கள். பலருடைய ஃபெர்ரிட்டின் கல்லீரலுக்குக் கவலை தரும் உயரத்துக்குப் போனது பின்னாளில் பதிவானது. உங்களுக்குக் குறைவு என்றே வந்தால், மாதவிலக்கு இல்லாத உடலில் இரும்பு எங்கே போகிறது என்று வயிற்றையும் குடலையும் பார்க்க வேண்டியிருக்கும். காரணம் தெரியாமல் மாத்திரை போட்டுக்கொண்டிருப்பது அந்தக் காரணத்தை மறைத்துவிடும்.

உங்களுக்கான பரிசோதனை: சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ஃபெர்ரிட்டின். அடுத்த 300-க்கு மூன்று மாதம் இருக்கிறது என்கிறீர்கள். அதற்குள் 150-உம் 200-உம் உங்கள் சொந்த வேகத்தில் ஒவ்வொரு முறை ஓட்டி, எடை, குடித்த அளவு, சாப்பிட்டது மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அந்த நோட்டையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் எனக்கு அனுப்பினால் உங்கள் அளவுக்கேற்ற திட்டத்தை எழுதித் தருகிறேன். ஓட்டத்தின் நடுவே மறுபடியும் விரல் வீங்கி, தலை வலித்து, குமட்டினால் தண்ணீர் குடிப்பதை அங்கேயே நிறுத்திவிட்டு, உடன் வருபவரிடம் சொல்லி அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். 'வெயிலில் ஓட்டியிருக்கிறார், நீர்ச்சத்துக் குறைவு' என்று உடனே டிரிப்ஸ் ஏற்ற முற்பட்டால், முதலில் சோடியம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரையின் பெயரை ஒரு சீட்டில் எழுதி ஹெல்மெட்டுக்குள் ஒட்டிவையுங்கள்.